இரும்பு மலை

மேலை நாட்டு நூல்களில் இந்த ஓவியத்துக்கு 'ஸஹ்ஹாக்கின் மரணம்' என்று பெயர். படத்தில் மரணம் இல்லை. ஓர் அரசன் மலைக் குகையின் இருட்டில் பாறையோடு பிணிக்கப்பட்டிருக்கிறான். அவன் தோள்களில் முளைத்த இரண்டு பாம்புகளும் உயிரோடு இருக்கின்றன. அவனும் உயிரோடுதான் இருக்கிறான். ஃபிர்தௌஸியின் ஷாநாமாவில் இது பற்றிக் குழப்பமே கிடையாது. கதாயுதத்தை ஓங்கிய ஃபரீதூனை ஸொரூஷ் என்ற தேவதூதன் தடுக்கிறான். இவனுக்கு வேளை வரவில்லை, கொல்லாதே, கட்டு என்கிறான். பெயர் வைத்த அறிஞர்கள் காவியத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். இருந்தும் 'மரணம்' என்ற சொல் அவர்கள் பேனாவில் வந்து உட்கார்ந்துவிட்டது. கொடுங்கோலன் வீழ்ந்தான் என்றால் செத்தான் என்று கேட்கத்தான் மனம் விரும்புகிறது. ஓவியம் இந்த விருப்பத்துக்கு இணங்க மறுக்கிறது. அந்த மறுப்பைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஓவியம் இருப்பது ஈரானின் ஸஃபவி அரசன் ஷா தஹ்மாஸ்புக்காகத் தப்ரீஸ் நகரில் தயாரான ஷாநாமா பிரதியில், 37ஆம் ஏட்டின் பின்பக்கத்தில். 1520களில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டு நடந்த வேலை அது. மொத்தம் 759 ஏடுகள், 258 ஓவியங்கள். அரண்மனையின் கிதாப்கானாவில் காகிதம் மெருகிடுபவர், பொன் பூசுபவர், எழுத்தர், ஓவியர் என்று ஒரு படையே உழைத்திருக்கிறது. இந்தப் பக்கம் சுல்தான் முஹம்மத் என்ற மூத்த ஓவியரின் கை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நான் பார்த்தது மறுபதிப்பைத்தான். பாரசீகமும் எனக்குத் தெரியாது, காவியத்தை ஆங்கிலம் வழியே படித்தவன். ஆனால் மறுபதிப்பிலேயே ஓவியத்தின் பிடி இறுகுகிறது.

பிடிப்பது முதலில் மனிதர்கள் அல்ல, பாறை. ஊதாவும் இளஞ்சிவப்பும் நீலமுமாகப் பாறைகள் கொதித்து எழுகின்றன. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அவற்றுக்குள் முகங்கள் தெரிகின்றன. மனித முகமா மிருக முகமா என்று தீர்மானிக்க முயலும்போது அந்த முகம் மறுபடி பாறையாகிவிடும். இதற்கு நடுவில் குகை. குதிரை மேல் ஃபரீதூன், கையில் எருதுத்தலைக் கதாயுதம். சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் ஆட்கள், ஸஃபவி அரசவையின் தலைப்பாகையோடு; உச்சியில் குச்சி நிமிர்ந்து நிற்கும் தலைப்பாகை அது. வரலாற்றுக்கு முந்திய புராண காலத்துக் கதையில் 16ஆம் நூற்றாண்டின் அரசவை வந்து நிற்கிறது. பாரசீகச் சிற்றோவிய மரபில் இது வழக்கம்தான். ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஓர் அரசன் தன் பணத்தில், தன் ஆட்களை வேடிக்கை பார்ப்பவர்களாக நிறுத்தி, இன்னோர் அரசனின் வீழ்ச்சியை ஏன் வரையச் சொல்கிறான்? பதில் எளிது. எந்த அரசனும் தன்னைக் குகைக்குள் வைத்துப் பார்ப்பதில்லை. குதிரை மேல் வைத்துத்தான் பார்க்கிறான்.

கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜம்ஷீத் என்ற பேரரசன் தன்னையே தெய்வம் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியதும் ஈரானியப் பிரபுக்கள் அவனைக் கைவிட்டு, அராபிய இளவரசன் ஸஹ்ஹாக்கைத் தாங்களே போய் அழைத்து வருகிறார்கள். ஸஹ்ஹாக் ஏற்கெனவே தந்தையின் சாவுக்கு உடந்தையாக இருந்தவன். சமையல்காரனாக வந்த இப்லீஸ் அவன் தோள்களில் முத்தமிட, அந்த இடத்தில் பாம்புகள் முளைத்தன. வெட்டினால் மறுபடி முளைத்தன. அதே இப்லீஸ் மருத்துவனாக வந்து, பாம்புகளுக்கு மனித மூளையை உணவாகக் கொடு என்று யோசனை சொல்கிறான். நாளொன்றுக்கு இரண்டு இளைஞர்கள். ஜம்ஷீத்தை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போட்டுவிட்டு ஆயிரம் ஆண்டு ஆள்கிறான் ஸஹ்ஹாக். அரண்மனைச் சமையலறைக்குள் நுழைந்த இரண்டு நல்லவர்கள் ஆட்டு மூளையைக் கலந்து கொடுத்து, தினம் ஒருவனைத் தப்ப விடுகிறார்கள். இன்னொருவனை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. இந்தப் பாதிக் கணக்கில் இருக்கும் பயங்கரத்தை நம் புராணப் பிரசங்கிகள் எவரும் ஒரு வாரம் நீட்டிப் பேசலாம். ஃபிர்தௌஸி சில ஈரடிகளில் முடித்துவிடுகிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து வருவது. கெட்ட கனவால் கலங்கிய ஸஹ்ஹாக் ஒரு பத்திரம் தயாரிக்கிறான். அரசன் நன்மையின் விதையைத் தவிர வேறெதையும் விதைத்ததில்லை, நீதி தவறியதில்லை என்று சாட்சிப் பத்திரம். நாட்டுப் பெரியவர்கள், முதியவர்கள், இளையவர்கள் எல்லோரும் அதில் கையொப்பமிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் காவே என்ற கொல்லன் சபையில் நுழைந்து கத்துகிறான். அவனுக்குப் பதினெட்டுப் பிள்ளைகள். பதினேழு பேர் போய்விட்டார்கள். கடைசிப் பிள்ளையும் பாம்புக்குப் பிடிபட்டிருக்கிறான். ஸஹ்ஹாக் பிள்ளையை விடுவித்துவிடுகிறான், அன்பாகப் பேசுகிறான். பிறகு பத்திரத்தை நீட்டி, நீயும் ஒரு கையெழுத்துப் போடு என்கிறான். காவே படித்துப் பார்க்கிறான். சுற்றி நின்ற பெரியவர்களைப் பிசாசின் கால்களே என்று திட்டி, பத்திரத்தைக் கிழித்துக் காலில் போட்டு மிதித்துவிட்டு வெளியேறுகிறான்.

வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இந்த இடம் கூடுதலாகவே புரியும். மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பது என் அன்றாடத் தொழில். கையெழுத்து சரியா என்றுதான் பார்ப்பேன். பத்திரம் சொல்வது உண்மையா என்பது என் மேஜைக்கு வரும் கேள்வி இல்லை. கொடுங்கோன்மையும் இதே முறையில்தான் இயங்குகிறது. ஸஹ்ஹாக்குக்கு இனிமேல் யாரும் அவனை நல்லவன் என்று நம்பத் தேவையில்லை, பெயர்கள் போதும். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த கையாலேயே பத்திரத்தை நீட்டுகிறான் பாருங்கள். பத்து நூற்றாண்டுக்கு முன் இதை எழுதியவனுக்கு அதிகாரத்தின் அலுவலகம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

காவே தெருவுக்கு வந்து, பட்டறையில் இடுப்பில் கட்டியிருந்த தோல் துண்டை ஈட்டி முனையில் மாட்டிக் கொடியாக்குகிறான். கூட்டம் சேர்கிறது. கூட்டத்தை ஃபரீதூனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். அதன் பிறகு காவியம் காவேயை ஏறக்குறைய மறந்துவிடுகிறது. கலகம் கொல்லனுடையது, அரியணை ஜம்ஷீத் வழிவந்த இளவரசனுடையது. தோல் கொடியின் கதி இன்னும் சுவாரஸ்யமானது. ஃபரீதூன் அதை ரோம் நாட்டுப் பட்டால் மூடி, பொன்னும் மணியும் பதித்து, சிவப்பு, மஞ்சள், ஊதாத் தொங்கல்கள் கட்டுகிறான். பின்னால் வந்த ஒவ்வோர் அரசனும் மேலும் மேலும் ரத்தினங்கள் சேர்க்கிறான். 7ஆம் நூற்றாண்டில் காதிஸிய்யா போரில் அது அராபியர் கையில் விழுந்ததாகவும், கற்களைப் பெயர்த்தெடுத்துத் தோலை எரித்ததாகவும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். தோல் மறுபடி வெளியே தெரிந்தது எரிக்கும்போதுதான் போலிருக்கிறது.

நம்மிடையே உருவம், உள்ளடக்கம் என்று நீண்ட காலமாக நடந்துவரும் சண்டையை இந்தக் கொடியை வைத்தே நடத்திவிடலாம். முற்போக்கு நண்பர் சொல்வார்: பாரசீகச் சிற்றோவியம் முழுவதும் இதுதான், கொல்லனின் தோலை மறைக்கும் அரசனின் ரத்தினம், 37ஆம் ஏட்டில் காவே எங்கே காட்டுங்கள். எதிர் முகாம் நண்பர், உள்ளடக்கத்தைத் தேடுபவனுக்குச் சுவரொட்டி போதும், வர்ணங்களைப் பாருங்கள் என்பார். இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவருக்கும் பாறை என்பது பின்னணி. ஒருவருக்கு அது தேவையற்ற அலங்காரம், மற்றவருக்கு ரசிக்கத்தக்க அலங்காரம். பாறை என்ன செய்கிறது என்று இருவருமே கேட்பதில்லை.

சபையிலிருந்து காவே வெளியேறியதும் பிரபுக்கள் திகைத்துப்போய் அரசனைக் கேட்கிறார்கள்: உங்கள் முன்னால் ஒரு கொல்லன் சமமாக நின்று கத்துகிறான், பத்திரத்தைக் கிழிக்கிறான், எப்படிப் பொறுத்தீர்கள்? ஸஹ்ஹாக்கின் பதில் காவியத்தின் ஆழமான இடங்களில் ஒன்று. அவன் வாசலில் தோன்றி அவன் குரல் என் காதில் விழுந்ததும் எனக்கும் அவனுக்கும் நடுவே இரும்பு மலை ஒன்று எழுந்தது போலிருந்தது என்கிறான். காவியத்தில் ஸஹ்ஹாக் விழித்திருக்கும்போது பார்க்கும் முதல் மலை இதுதான். மற்றவர் யாரும் பார்க்கவில்லை. அரசன் மட்டும் பார்த்தான். கடைசி மலை தமாவந்த். சுமார் 5,600 மீட்டர் உயரம், பனி மூடிய உறங்கும் எரிமலை. முதல் மலை கொல்லனின் குரலிலிருந்து முளைத்தது. கடைசி மலையில் அரசனைப் பிணிப்பது இரும்பு ஆணிகள். இந்த இரண்டு மலையையும் ஃபிர்தௌஸி வெளிப்படையாக இணைக்கவில்லை. சுல்தான் முஹம்மத் திட்டமிட்டு இணைத்தார் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் தீட்டிய மலையைப் பார்த்தபின் அவற்றைப் பிரித்து வைக்க என்னால் முடியவில்லை. அந்த மலை நிலவியல் வஸ்து இல்லை. அதற்கு முகங்கள் உண்டு. பெயர் தெரியாத, பாதி உருவான, கவனித்துப் பார்க்காதவன் கண்ணுக்குத் தட்டுப்படாத முகங்கள், கூட்டம் கூட்டமாக. காவேயைக் காட்டுங்கள் என்று கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான். தலைப்பாகைக்காரர்களுக்கு நடுவே கொல்லனைத் தேடிப் பயனில்லை. அரசனைப் பற்றிப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று பார்க்க வேண்டும்.

அவ்வளவு சுலபமாக விஷயம் முடிவதில்லை என்பதும் உண்மை. இதே சுவடியின் 20ஆம் ஏட்டில், இன்று டொரன்டோவின் ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'கயூமர்ஸின் சபை' என்ற ஓவியத்தில், இதே ஓவியர் இதே பாறைகளைத் தீட்டியிருக்கிறார். உலகின் முதல் அரசன் கயூமர்ஸ் சிறுத்தைத் தோல் உடுத்த மக்கள் சூழ மலைமேல் அமர்ந்திருக்கிறான். மனிதனும் மிருகமும் பகை அறியாத காலம். தோஸ்த் முஹம்மத் என்ற சமகாலத்தவர் 1544இல் எழுதிய முன்னுரையில், இதைப் பார்த்து மற்ற ஓவியர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள் என்கிறார். மிகை இல்லை. அந்தச் சொர்க்கத்தின் பாறைகளிலும் முகங்கள் ஒளிந்திருக்கின்றன. ஆக, நல்லரசனுக்கு ஒரு மலை, கொடியவனுக்கு ஒரு மலை என்று ஓவியர் பிரித்து வைக்கவில்லை. அதே மலை ஒருவனைச் சபையாகச் சூழ்கிறது, மற்றவனைச் சிறையாகச் சூழ்கிறது. அது யார் பக்கம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாததில்தான் இந்தக் கலைஞரின் தீட்சண்யம் இருக்கிறது. கோஷமாகச் சொல்லியிருந்தால் தஹ்மாஸ்பின் கிதாப்கானாவில் அடுத்த நாள் அவருக்கு வேலை இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஆணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மூளை இல்லாத இடமாகப் பார்த்து ஆணிகள் அறையப்பட்டன என்கிறார் ஃபிர்தௌஸி. ஆயிரம் ஆண்டு பிறர் மூளையைத் தின்ன வைத்தவனுடைய மூளை மட்டும் பத்திரமாக விடப்படுகிறது, வேதனை நீள வேண்டும் என்பதற்காக. இதயத்தின் ரத்தம் மண்ணில் சொட்டுகிறது. இதற்குப் பின்னால் இன்னும் பழைய ஜொராஸ்டிரிய மரபு ஒன்று உண்டு. அதில் இவன் பெயர் அஷி தஹாக்கா, மூன்று தலை நாகம். இவனைக் கொன்றால் உடலிலிருந்து பாம்பும் தேளும் பல்லியும் புறப்பட்டு உலகத்தை நிரப்பிவிடும் என்பதால்தான் கட்டி வைத்தார்களாம். யுக முடிவில் விலங்கை அறுத்துக்கொண்டு வெளியே வருவான். உறங்கும் வீரன் ஒருவன் எழுந்து அப்போதுதான் கொல்வான். கவிழ்ப்பது வேறு, ஒழிப்பது வேறு என்று பழைய ஆட்கள் திட்டமாக அறிந்திருந்தார்கள்.

தஹ்மாஸ்புக்கும் மலைகள் பழக்கமானவை. கலகம் செய்த தம்பி அல்காஸைக் கஹ்கஹா என்ற மலைக்கோட்டையில் அடைத்தான். 1550இல் தம்பி கொல்லப்பட்டான். பிறகு தன் மகன் இஸ்மாயீலையே அதே கோட்டையில் ஏறத்தாழ இருபது ஆண்டு வைத்திருந்தான். 1576இல் தஹ்மாஸ்ப் இறந்ததும் வெளியே வந்த மகன் ஒன்றரை ஆண்டுக்குள் சகோதரர்களையும் உறவினர்களையும் கொன்று குவித்துவிட்டு, 1577இல் தானும் மாண்டான். கொல்லப்பட்டவர்களில் கலைகளைப் போற்றிய இப்ராஹீம் மிர்ஸாவும் ஒருவன். மலைக்குள் வைத்தது வெளியே வந்தது. அந்தச் சமயம் ஓவியம் தஹ்மாஸ்பின் வீட்டில் இல்லை. 1568இலேயே முழுச் சுவடியையும் உதுமானிய சுல்தான் இரண்டாம் செலீமுக்குப் பரிசாக அனுப்பியிருந்தான்.

ஈரானில் இந்தக் கதை இன்னும் யாருக்கும் சொந்தமாகாமல் கிடக்கிறது. மன்னராட்சியைக் கவிழ்த்த 1979 காலத்தில் ஸஹ்ஹாக் என்பது ஷாவின் பெயர். 1990இல், நவீனப் பாரசீகக் கவிதையின் பெரிய ஆகிருதியான அஹ்மத் ஷாம்லூ அமெரிக்காவின் பெர்க்லியில் பேசும்போது கதையைத் தலைகீழாக்கினார்: ஸஹ்ஹாக் மேல்சாதிக் கட்டமைப்பை உடைத்த மக்கள் தலைவன், நிலப்பிரபுத்துவ வர்க்கத்தில் பிறந்த ஃபிர்தௌஸி அவன் மேல் பாம்புகளை ஏற்றிவிட்டார் என்றார். கொந்தளிப்பு எழுந்தது. ஷாம்லூவின் வாதம் எனக்கு ஏற்புடையது இல்லை. பதினேழு பிள்ளைகளை வர்க்கக் கணக்கில் கரைத்துவிட முடியாது. ஆனால் காவியம் காவேயைப் பயன்படுத்திவிட்டு வாசலில் நிறுத்திய அநியாயம் ஷாம்லூவைக் குத்தியது. அது நம்மையும் குத்தினால் நல்லது. ஸயீதி ஸீர்ஜானி என்ற கட்டுரையாளர் 'பாம்புத்தோள் ஸஹ்ஹாக்' என்றே ஒரு நூல் எழுதினார். ஷாநாமாக் கதைதான். யாரைப் பற்றி என்று வாசகருக்கும் புரிந்தது, அரசுக்கும் புரிந்தது. 1994 மார்ச்சில் கைதானார். அதே ஆண்டு நவம்பரில் காவலிலேயே இறந்தார்.

அதே 1994இல்தான் இன்னொன்றும் நடந்தது. சுவடியை 1959இல் வாங்கியிருந்த ஆர்தர் ஹௌட்டன் என்ற அமெரிக்கச் செல்வர் அதை ஏடு ஏடாகப் பிரித்துவிட்டிருந்தார். 78 ஓவியங்கள் 1970இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு, 7 ஏடுகள் 1976இல் லண்டனில் ஏலத்துக்கு, இப்படி. மீதியிருந்த 118 ஓவியங்களை ஈரான் அரசு 1994 ஜூலையில் வியன்னா விமான நிலையத்தில் பெற்றுக்கொண்டு, பதிலாக வில்லெம் டி கூனிங்கின் 'பெண் 3' என்ற நிர்வாண ஓவியத்தைக் கொடுத்தது. ஷாநாமா தேசியச் செல்வமாகத் திரும்பி வந்த ஆண்டில், ஷாநாமாவின் ஒரு கதையை எடுத்துச் சொன்னவர் சிறையில் செத்தார். இரண்டையும் செய்தது ஒரே அரசு. 2022 போராட்டங்களில் இளைஞர்கள் நாட்டின் உச்சத் தலைவரை ஸஹ்ஹாக் என்று அழைத்துக் கோஷம் போட்டார்கள். பாரசீகத்தில் மண்ணுக்கு 'காக்'. ஸஹ்ஹாக், காக் என்ற எதுகையில், உன்னை மண்ணுக்குள் இழுப்போம் என்று பொருள் வரும் கோஷம். மறுபடியும் கொலையைவிடப் புதைப்பைத்தான் மொழி தேர்ந்தெடுத்தது.

37ஆம் ஏட்டிலிருந்து ஐந்து ஏடு தள்ளி, 42ஆம் ஏட்டில் ஒரு படம் இருக்கிறது. இன்று அப்படிப் புரட்டிப் போக முடியாது. ஏடுகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கின்றன. 2011இல் லண்டன் ஏலத்தில் இந்த ஓர் ஏடு மட்டும் 74 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஆகா மீரக் தீட்டியதாகக் கருதப்படுவது. ஃபரீதூன் இப்போது முதிய அரசன். மூன்று மகன்களுக்கும் துணிவு எவ்வளவு என்று சோதித்துப் பார்க்க நினைக்கிறான். அதற்கு அவன் எடுத்துக்கொள்ளும் வேஷம், நெருப்புக் கக்கும் பெரிய நாகம். பெரியவன் ஓடுகிறான், நடுவன் வில்லை எடுக்கிறான், இளையவன் இரஜ் நின்று பேசுகிறான். மகன்கள் போனதும் ஃபரீதூன் நாக உருவைக் களைந்துவிட்டு, முரசும் யானையுமாக அவர்களை எதிர்கொண்டு வருகிறான். கையில் அதே எருதுத்தலைக் கதாயுதம்.